எங்கே விழுந்தது என்பதை விடுங்கள், எங்கே ஏறியது என்று பாருங்கள்: மாடல் ரயில் எஞ்சின் தடம் புரளும்போது

மாடல் ரயில் எஞ்சின் தடம் புரண்டால் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். எஞ்சினை எடுத்துத் திரும்பத் தண்டவாளத்தில் வைத்துவிட்டு, அது விழுந்து கிடந்த இடத்தைக் குனிந்து பார்ப்பார்கள். அங்கே ஒன்றும் தெரியாது. மறுபடி ஓட்டினால் மறுபடி அதே இடத்தில் இறங்கும். அந்த இடத்துத் தண்டவாளத்தையே பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட்டவர்களையும் எனக்குத் தெரியும். பழுது பல நேரம் அங்கே இருப்பதில்லை. எஞ்சின் வந்த திசையில் கொஞ்சம் பின்னால் இருக்கிறது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெரியப்பா. ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு பார்க்கும் பெர்மனென்ட் வே பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நிஜ ரயில் தடம் புரண்டால் விசாரணைக்குப் போகிறவர்கள் இரண்டு இடங்களைத் தேடுவார்கள். சக்கரத்தின் விளிம்பு, அதாவது ஃபிளாஞ்ச், தண்டவாளத்தின் தலைமேல் ஏறிய இடம் ஒன்று. ஏறிய சக்கரம் தலைமேலேயே கொஞ்ச தூரம் உருண்டுபோய்க் கீழே விழுந்த இடம் இன்னொன்று. முதலாவதை பாயிண்ட் ஆஃப் மவுன்ட் என்றும் இரண்டாவதை பாயிண்ட் ஆஃப் டிராப் என்றும் சொல்வார்கள். ஏறிய இடத்தைப் பூஜ்யம் என்று குறித்துக்கொண்டு, அங்கிருந்து ரயில் வந்த திசையில் பின்னோக்கி அளவு எடுத்துக்கொண்டே போவார்கள்.

என் அறையில் எஞ்சின் விழுந்ததைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது இதைத்தான்.

"எங்கடா ஏறுச்சு?"

"இங்கதான் பெரியப்பா விழுந்துச்சு."

"விழுந்ததக் கேக்கல. எங்க ஏறுச்சு?"

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கத் தெரிந்துகொண்டால் மாடல் ரயிலில் தடம் புரளும் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும்.

நான் ஓட்டுவது எச்ஓ. 1:87 அளவு, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். நிஜத்தில் 1435 மில்லிமீட்டர் இருக்கும் ஸ்டாண்டர்டு கேஜின் கணக்கு அது. நம்முடைய பிராட்கேஜ் 1676 மில்லிமீட்டர் என்பதால் கணக்குப்படி 19 மில்லிமீட்டருக்கு மேல் வரவேண்டும். ஆனால் இந்திய எஞ்சின் மாடல்களையும் 16.5 தண்டவாளத்தில்தான் ஓட்டுகிறோம். அதனால் தடம் புரள்வதில்லை, பார்வைக்கு மட்டும் சக்கரங்கள் கொஞ்சம் உள்ளே தள்ளித் தெரியும்.

உண்மையில் நாம் மாடல் எஞ்சினுக்குக் கொடுக்கும் பாதை ரொம்பக் கொடுமையானது. இந்திய பிராட்கேஜில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவு 10 டிகிரி, அதாவது 175 மீட்டர் ஆரம். அதை 87-ஆல் வகுத்தால் 2 மீட்டர் வருகிறது. வீட்டில் 2 மீட்டர் ஆரத்துக்கு யாரிடம் இடம் இருக்கிறது? பெட்டியோடு வரும் தண்டவாள செட்டுகளில் 18 அங்குல ஆரம், அதாவது 457 மில்லிமீட்டர்தான் சாதாரணம். நிஜ எஞ்சின் போகவே முடியாத வளைவில் மாடலைப் போகச் சொல்கிறோம். போதாததற்கு நிஜ எஞ்சினில் ஒவ்வொரு சக்கரத்தையும் ஸ்பிரிங் தண்டவாளத்தோடு அழுத்தி வைத்திருக்கும். பெரும்பாலான மாடல்களில் ஸ்பிரிங்கே கிடையாது. ஆக்சில் துளையில் இருக்கும் சின்ன லூஸ்தான் எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். அதனால்தான் கண்ணுக்குத் தெரியாத குறைகூட இங்கே எஞ்சினைக் கீழே தள்ளிவிடுகிறது.

சரி, ஏறிய இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் செய்வது இது. எஞ்சின் விழுந்த இடத்திலிருந்து பின்னால் ஒரு முழம் தூரத்துக்கு, இரண்டு தண்டவாளங்களின் தலைமேலும் அழியக்கூடிய மார்க்கரால் மெல்லிய கோடு இழுக்கிறேன். அதன்மேல் எஞ்சினை மெதுவாக ஓட்டுகிறேன். ஒழுங்காக உருளும் சக்கரம் மையை ஒரே அகலத்தில் தேய்த்துவிட்டுப் போகும். ஃபிளாஞ்ச் ஏறிய இடத்தில் மட்டும் உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பை நோக்கி ஊசியால் கிழித்த மாதிரி ஒரு சாய்ந்த கீறல் தெரியும். வெளிச்சத்தைத் தண்டவாளத்தோடு படுக்கவைத்து அடித்தால் பளிச்சென்று இருக்கும். அந்தக் கீறல் தொடங்கும் புள்ளிதான் பூஜ்யம். மின்சாரம் ஓடும் தண்டவாளம் என்பதால் வேலை முடிந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மையைத் துடைத்துவிட வேண்டும்.

இன்னொரு வழி, கைபேசியைத் தண்டவாள மட்டத்தில் படுக்கவைத்து ஸ்லோ மோஷனில் எடுப்பது. எந்த ஆக்சில் முதலில் தூக்குகிறது என்பதை இதில்தான் உறுதியாகப் பார்க்க முடியும். முன் ஆக்சில் ஏறுவதற்கும் நடு ஆக்சில் ஏறுவதற்கும் காரணங்கள் வேறு வேறு.

அப்புறம் ஒரு பழக்கம். எஞ்சின் இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் பலகை ஓரமாக ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, எந்த எஞ்சின், எந்தத் திசை, வேகமா மெதுவா என்று எழுதிவிடுகிறேன். கொஞ்ச நாளில் படம் தானே தெளிவாகும். பல எஞ்சின்கள் ஒரே இடத்தில் இறங்கினால் குற்றம் தண்டவாளத்தில். ஒரே எஞ்சின் பல இடங்களில் இறங்கினால் குற்றம் எஞ்சினில். ஒரே எஞ்சின் ஒரே இடத்தில் மட்டும் இறங்குகிறது என்றால் இரண்டு பக்கமும் ஆளுக்குப் பாதி குறை இருக்கிறது, இரண்டும் சந்திக்கும்போது விழுகிறது. என்னை அதிகம் அலையவிட்டது இந்த மூன்றாவது வகைதான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என்னிடம் ஓர் ஆறு ஆக்சில் டீசல் எஞ்சின் இருக்கிறது. அமெரிக்க மாதிரி. அடியில் சக்கரங்களைத் தாங்கி வளைவில் திரும்பும் சட்டத்தைத்தான் போகி என்கிறேன். இதில் ஒவ்வொரு போகியிலும் மூன்று ஆக்சில், நம் டபிள்யூடிஎம்-2 டீசல் போலவே கோ-கோ அமைப்பு. நான்கு ஆக்சில் எஞ்சின்கள் அலட்டிக்கொள்ளாமல் போகும் ஒரு பாயிண்டில், அதாவது தடம் இரண்டாகப் பிரியும் இடத்தில், நுழைந்ததும் இது மட்டும் இறங்கும். அதுவும் அக்டோபரில் மழை பிடித்த பிறகுதான் ஆரம்பித்தது. விழுந்த இடம் பாயிண்டின் நடுப்பகுதி என்பதால் எல்லோரும் பாயிண்டையே சந்தேகப்பட்டார்கள். மைக்கோடு போட்டுப் பார்த்தபோது கீறல் பாயிண்டுக்குள் தொடங்கவில்லை. அதற்கு ஒரு சாண் முன்னால், இரண்டு பிளைவுட் பலகைகள் சேரும் இடத்தில் தொடங்கியது.

அங்கே தண்டவாளம் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. விரலால் தடவினாலும் தட்டுப்படவில்லை. ரசமட்டம் வைத்தால் குமிழி கிட்டத்தட்ட நடுவில் நின்றது. இங்கே கைகொடுத்தது தச்சர்கள் பலகையில் முறுக்கு பார்க்கும் முறை. ஒரே மாதிரி 15 சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேல் இரண்டை எடுத்து, தண்டவாளத்துக்குக் குறுக்கே, ஒன்றுக்கொன்று 5 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். பிறகு கண்ணைத் தண்டவாள மட்டத்துக்கு இறக்கி, ஒரு ஸ்கேலின் மேல்விளிம்பு வழியாக அடுத்த ஸ்கேலைப் பார்க்க வேண்டும். இரண்டும் இணையாகத் தெரிந்தால் முறுக்கு இல்லை. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர், ஸ்கேல் 150 மில்லிமீட்டர். அதனால் ஒரு தண்டவாளம் 0.3 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தாலும் ஸ்கேல் முனையில் அது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வித்தியாசமாகப் பெரிதாகிவிடும். பலகை இணைப்பின் மேல் வைத்ததும் ஸ்கேல்கள் கத்திரிக்கோல் திறந்த மாதிரி விலகி நின்றன.

ஒரு தண்டவாளம் மட்டும் அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். 87-ஆல் பெருக்கிப் பாருங்கள், 43 மில்லிமீட்டர் வரும். ஒரு போகி நீளத்துக்குள் அவ்வளவு முறுக்கு இருந்தால் நிஜப் பாதையில் ரயில் விடவே மாட்டார்கள். மாடல் சக்கரத்தின் ஃபிளாஞ்ச் ஆழமே முக்கால் மில்லிமீட்டருக்குள்தான். அதில் அரை மில்லிமீட்டர் போய்விட்டால், அந்தச் சக்கரத்தைப் பிடித்து வைக்க மிச்சம் எதுவும் இல்லை. நான்கு ஆக்சில் எஞ்சினின் போகி குட்டை என்பதால் இந்த முறுக்கில் கொஞ்சம்தான் மாட்டும். மூன்று ஆக்சில் போகி நீளமானது, விறைப்பானது. அதன் முன்மூலைச் சக்கரம் அந்தரத்தில் நிற்கும். அடுத்து வரும் பாயிண்டின் வளைவு பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளியதும் ஏறிவிடும்.

மழைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு நேரடியானது. வடகிழக்குப் பருவமழையில் அறையின் காற்று ஈரத்தால் கனத்துவிடும். மரம் ஈரத்தைக் குடித்து ஊதும், உலோகத் தண்டவாளம் ஈரத்துக்கு அசையாது. பெயிண்டோ வார்னிஷோ அடிக்காத வெட்டு விளிம்பில்தான் பிளைவுட் அதிகம் குடிக்கும். ஒரு பலகையின் விளிம்பு உப்பி, மற்றது அப்படியே இருந்தால் இணைப்பில் படி விழும். நம் ஊரில் தண்டவாளப் பலகை செய்கிறவர்கள் அடிப்பக்கத்துக்கும் வெட்டு விளிம்புகளுக்கும் மறக்காமல் சீலர் அடிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வது இதனால்தான். மேல்பக்கம் மட்டும் அடித்தால் பலகை ஒரு பக்கமாக வளையும், அது இன்னும் மோசம்.

சரிசெய்தது இப்படி. இரண்டு பலகைகளையும் அடியில் ஒரு சட்டம் வைத்து போல்ட் போட்டு இறுக்கினேன். மிச்ச முறுக்கைத் தண்டவாளத்துக்கு அடியில் காகிதம் சொருகி எடுத்தேன். சாதாரண ஏ4 தாள் ஒன்று சுமார் 0.1 மில்லிமீட்டர் கனம், விசிட்டிங் கார்டு அதைப்போல மூன்று மடங்கு. நம்மிடம் இதைவிட மலிவான, நுணுக்கமான ஷிம் வேறு இல்லை. ஒரே இடத்தில் கனமாக வைக்காமல், நடுவில் மூன்று தாள், அதற்கு இரு பக்கமும் இரண்டு, பிறகு ஒன்று என்று படிப்படியாக இறக்க வேண்டும். தாழ்ந்ததைத் தூக்குகிறேன் என்று ஒரே இடத்தில் தூக்கினால் ஒரு குழிக்குப் பதில் இரண்டு முறுக்கு உண்டாகும்.

அதன் பிறகு எஞ்சின் அந்த இடத்தை அமைதியாகக் கடந்தது, ஆனால் ஒரு திசையில்தான். திருப்பி வைத்து ஓட்டினால் எப்போதாவது ஒருமுறை இறங்கியது. மிச்சப் பாதி எஞ்சினில் இருந்தது.

எஞ்சினைச் சோதிக்க ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். அதைச் சமதளத்தில் வைத்து எஞ்சினை மேலே நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் காகிதக் கீற்றை நுழைத்துப் பார்க்க வேண்டும். எங்கே தடையில்லாமல் நுழைகிறதோ அந்தச் சக்கரம் தரையில் இல்லை. பிறகு எஞ்சினை நடுவில் பிடித்துத் தூக்கி, போகிகளை விரலால் ஒரு பக்கம் திருப்பிவிட வேண்டும். விட்ட இடத்திலேயே அது தொங்க வேண்டும், முன்னும் பின்னும் இடமும் வலமும் தளர்வாக ஆட வேண்டும். என் எஞ்சினில் பின்போகி விரலை எடுத்ததும் மெல்லத் தானே திரும்பி வந்தது. யாரோ உள்ளேயிருந்து இழுப்பதுபோல இருந்தது. கூட்டைக் கழற்றினால், போகியிலிருந்து சர்க்யூட் போர்டுக்குப் போகும் இரண்டு ஒயர்கள் தடிமனாகவும் நீளம் பற்றாமலும் இருந்தன. குளிரூட்டிய அறையில் அவை இன்னும் விறைக்கும். அவற்றைக் கழற்றிவிட்டு, சிலிக்கான் உறை போட்ட மெல்லிய ஒயரில், நடுவில் ஒரு சின்ன வளையம் விட்டு சால்டர் செய்தேன். எஞ்சின் அதற்குப் பிறகு இரண்டு திசையிலும் இறங்கியதில்லை.

டிசிசி, அதாவது ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியாக இயக்கும் டிஜிட்டல் முறைக்கான டிகோடர் பொருத்திய எஞ்சின்களில் இந்த ஒயர் விஷயத்தை முதலில் பாருங்கள். முன்பு நன்றாக ஓடியது, டிகோடர் போட்ட பிறகு இறங்குகிறது என்றால் ஏறக்குறைய நிச்சயம் இதுதான். கூட்டுக்குள் திணித்த ஒயர் போகியின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். அதேபோல அலங்காரமாக ஒட்டிய பிரேக் குழாய், ஏறும் படிக்கட்டு, முன்தகடு இவையெல்லாம் வளைவில் போகியை இடிக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இடித்தால் பெயிண்டில் தேய்ந்த தடம் இருக்கும்.

இனி பாயிண்ட். பாயிண்டில்தான் எஞ்சின்கள் அதிகம் விழுகின்றன என்பது உண்மை, ஆனால் குறை இருக்கக்கூடிய இடங்கள் அங்கே சிலவே. வழியை மாற்ற அசையும் கூரான தண்டவாளம்தான் நாக்கு. அதன் முனைப் பக்கமிருந்து எஞ்சின் நுழையும்போது மட்டும் இறங்கினால் முதலில் நாக்கைப் பாருங்கள். அது பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் ஒரு ஏ4 தாள் நுழைந்தாலே எனக்குத் திருப்தி வராது. பெரும்பாலும் ஒரு ஜல்லித் துணுக்கோ காய்ந்த ஃபெவிகால் சொட்டோ இடையில் இருக்கும். நாக்கின் முனை மழுங்கி நின்றால் ஃபிளாஞ்ச் அதில் மோதி ஏறும். மெல்லிய அரத்தால் உள்பக்கமாகச் சாய்த்து, நகத்தால் இழுத்தால் மாட்டாத அளவுக்கு ராவினால் போதும். நாக்கை ஒழுங்காகத் தாண்டிவிட்டு அதற்கப்பால் ஏறினால் நாக்கை விட்டுவிட்டு ஃபிராக் பக்கம் போங்கள்.

ஃபிராக் என்பது இரண்டு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் மூக்கு. அதற்கு எதிர்ப்புறத் தண்டவாளத்தை ஒட்டி உள்ளே இருக்கும் செக் ரயில் என்ற துண்டுத் தண்டவாளம், அங்கே போகும் சக்கரத்தின் முதுகைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கும். அப்போதுதான் இந்தப் பக்கச் சக்கரம் மூக்கில் மோதாமல் சரியான வழியில் போகும். செக் ரயிலுக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள சந்து அதிகமாக இருந்தால் பிடி தளர்ந்து, ஃபிளாஞ்ச் மூக்கில் முட்டும். கால் மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டை செக் ரயிலில் தண்டவாளத்தைப் பார்த்த முகத்தில் ஒட்டினால் சரியாகிவிடும். ஆனால் ஒட்டுவதற்கு முன் எஞ்சினின் சக்கர இடைவெளியை அளந்துவிட வேண்டும். குறை அங்கே இருந்து பாயிண்டைத் திருத்தினால், நல்ல எஞ்சின்கள் இறங்கத் தொடங்கும்.

ஓர் ஆக்சிலில் இருக்கும் இரண்டு சக்கரங்களின் முதுகுக்கு முதுகு தூரம்தான் அந்த அளவு. எச்ஓவில் சுமார் 14.5 மில்லிமீட்டர். குறைவாக இருந்தால் சக்கரங்கள் செக் ரயிலுக்கும் ஃபிராக்கின் பக்கத் தண்டவாளத்துக்கும் குறுக்கே கவட்டையாக மாட்டி மேலே எழும்பும். அதிகமாக இருந்தால் மூக்கில் மோதும். வெர்னியரின் மேல்தாடையால் அளக்கலாம். ஒரே இடத்தில் அளந்து திருப்திப்படாமல், சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சுற்றிலும் அளக்க வேண்டும். அளவு மாறிக்கொண்டே வந்தால் சக்கரம் ஆக்சிலில் கோணலாக இருக்கிறது. அமெரிக்காவில் 1935-இல் தொடங்கிய தேசிய மாடல் ரயில் சங்கம், என்எம்ஆர்ஏ, ஓர் உலோகத் தகட்டு கேஜ் விற்கிறது. சக்கர இடைவெளி, தண்டவாள இடைவெளி, பாயிண்ட் சந்து எல்லாவற்றையும் அந்த ஒரே தகட்டால் பார்க்கலாம். எஞ்சினுக்குச் செலவு செய்கிறவர்கள் அதற்கும் செலவு செய்ய வேண்டும், அவ்வளவு பயனுள்ள பொருள்.

இடைவெளி முன்பு சரியாக இருந்து இப்போது மாறியிருக்கிறது என்றால் பல்சக்கரத்தைச் சந்தேகப்படுங்கள். பல டீசல் மாடல்களில் ஆக்சில் ஒரே துண்டு கிடையாது. இரண்டு அரை ஆக்சில்கள் நடுவில் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரத்துக்குள் இறுக்கிச் சொருகப்பட்டிருக்கும். ஆண்டுகள் போகப் போக அந்த பிளாஸ்டிக் நீளவாக்கில் விரிசல் விடும். பிடி தளர்ந்து சக்கரங்கள் விலகும். விரிசலில் ஒரு பல் இடைவெளி கூடிப்போவதால் எஞ்சின் ஒரு சுற்றுக்கு ஒருமுறை டக், டக் என்று குதித்துக்கொண்டே போகும். பசை போட்டு ஒட்டுவது நிற்காது, பல்சக்கரத்தை மாற்றத்தான் வேண்டும். பழைய எஞ்சின் வாங்குகிறவர்கள் அடிமூடியைத் திறந்து இதைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. பழைய ஐரோப்பிய எஞ்சின்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஃபிளாஞ்ச் மிக ஆழம். கோட் 100 என்ற 2.54 மில்லிமீட்டர் உயரத் தண்டவாளத்தில் போய்விடும். 1.9 மில்லிமீட்டரே உயரமுள்ள கோட் 75-இல் ஸ்லீப்பரின் ஆணித்தலைகளில் உராய்ந்து கடகடவென்று போகும்.

நேர்பாதையில் காரணமே இல்லாமல் இறங்கினால் ஆணியைப் பாருங்கள். தண்டவாள ஆணியை ஸ்லீப்பர் கட்டையின் நடுவில் ஓங்கி அடித்தால் பிளாஸ்டிக் கட்டை நடுவில் குழிந்து, இரண்டு தண்டவாளங்களும் உள்பக்கம் சாய்ந்து இடைவெளி குறையும். ஆணித்தலை கட்டையைத் தொடாமல் ஒரு தாள் கனம் மேலே நிற்பதுதான் சரி. தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஜாயினர்களையும் பார்க்க வேண்டும். தண்டவாளத்தின் அடிப்பாகம் ஜாயினருக்குள் நுழையாமல் அதன் மேலேறி உட்கார்ந்திருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது, நகத்தால் தண்டவாளத் தலையை வழித்தால் தெரியும். வளைவில் ஃபிளெக்ஸ் என்ற வளையக்கூடிய தண்டவாளத்தை இணைக்கிறவர்கள், இரண்டு துண்டையும் நேராக வைத்து முதலில் சால்டர் செய்துவிட்டுப் பிறகு வளைக்க வேண்டும். வளைத்த பிறகு இணைத்தால் இணைப்பில் முழங்கை மாதிரி ஒரு மடிப்பு நிற்கும், வேகமாக வரும் எஞ்சின் அங்கே நேராகப் போகப் பார்க்கும்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மெதுவாகப் போனாலும் இறங்குகிறது என்றால் முறுக்கு, விறைப்பு, சக்கர இடைவெளி இவற்றில் ஒன்று. வேகத்தில் மட்டும் இறங்கினால் மடிப்போ, நேர்பாதையிலிருந்து வளைவுக்குள் திடீரென்று நுழைவதோ காரணம். என் அனுபவத்தில் இந்தப் பிரிப்பு அநேகமாகப் பொய்த்ததில்லை.

எஞ்சின் தனியாக நன்றாகப் போய், பெட்டிகளோடு போகும்போது இறங்கினால் காரணம் அவற்றை இணைக்கும் கப்ளிங். கேடி வகைக் கப்ளிங்கின் அடியில் தொங்கும் வளைந்த கம்பி தாழ்ந்திருந்தால் பாயிண்டில் மாட்டி எஞ்சினின் மூக்கைத் தூக்கிவிடும். அதன் உயரம் பார்க்கத் தனி கேஜ் இருக்கிறது. கப்ளிங் பெட்டிக்குள் பெயிண்டோ துருவோ இருந்து பக்கவாட்டில் அசையாமல் நின்றாலும் இதே கதிதான், வளைவில் நீளப் பெட்டி எஞ்சினின் பின்பக்கத்தை வெளியே நெம்பும்.

நீராவி எஞ்சின்களில் முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்கள்தான் எப்போதும் பிரச்சினை. அவற்றின்மேல் எடையே இருக்காது, ஒரு திருகில் தொங்கிக்கொண்டு வரும். டங்ஸ்டன் புட்டி கொஞ்சம் ஒட்டி எடை கூட்டலாம், அல்லது மேலே மெல்லிய ஸ்பிரிங் வைக்கலாம். ஸ்பிரிங் அழுத்தம் கூடினால் அது பெரிய சக்கரங்களைத் தூக்கி, எஞ்சின் இழுவையை இழக்கும். ஸ்பிரிங்கை வெட்டிக் குறைத்துக் குறைத்துத்தான் சரியான இடத்துக்கு வர முடியும். பித்தளை சிலிண்டர் உறையில் அந்தச் சின்னச் சக்கரம் உரசினால் தடம் புரள்வதோடு ஷார்ட்டும் ஆகும்.

ஷார்ட் என்றதும் டிசிசி வைத்திருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தடம் புரண்ட எஞ்சின் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே கிடந்தால், பல ஆம்பியர் மின்சாரம் அதன் சக்கரங்கள் வழியாக ஓடும். தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பூஸ்டர் உடனே துண்டிக்காவிட்டால் போகியின் பிளாஸ்டிக் உருகிவிடும். ஆறு அடிக்கு ஒரு இடத்தில் ஒரு நாணயத்தைத் தண்டவாளங்களின் குறுக்கே வைத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் பூஸ்டர் அந்த நொடியே நிற்க வேண்டும். நிற்காத இடத்தில் அடியிலிருந்து தடிமனான ஃபீடர் ஒயர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

எஞ்சின் இறங்குகிறது என்றதும் உள்ளே ஈயக்கட்டி வைப்பதும், தண்டவாளத்தின் உள்விளிம்பை ராவுவதும், சக்கரத்தைக் குறடால் அழுத்துவதும் எனக்குப் பிடிக்காத வைத்தியங்கள். எடை கூட்டினால் முறுக்கு போகாது, மறையும், மோட்டார் சூடாகும். ராவிய தண்டவாளத்தைத் திரும்பப் பெற முடியாது. காரணம் தெரியாமல் கைவைத்தால் அடுத்த முறை தேடவேண்டிய காரணம் ஒன்று கூடிவிடும்.

என் பாதையில் இன்னமும் ஓர் இடம் பாக்கி இருக்கிறது. யார்டுக்குள் திரும்பும் இடத்தில் இரண்டு பாயிண்டுகள் எதிரெதிராகச் சேர்ந்து எஸ் வளைவாகிவிட்டன. இரண்டு வளைவுகளுக்கும் நடுவில் நீளமான பெட்டியின் நீளத்துக்காவது நேர்த்துண்டு வேண்டும், அங்கே அதற்கு இடமில்லை. இழுத்துக்கொண்டு போனால் எல்லாம் போகிறது, பின்னாலிருந்து தள்ளினால் நீளப் பெட்டி ஒன்று ஏறுகிறது. அதைச் சரிசெய்யும் வரை அந்தப் பாதையில் நீளப் பெட்டிகளைத் தள்ளுவதில்லை. ஜன்னல் பக்கத்து அலமாரியை நகர்த்தினால் இன்னொரு இரண்டடி கிடைக்கும். மழை முடிந்து பலகை காய்ந்ததும் அந்தப் பாயிண்டைப் பெயர்த்து வைக்கப் போகிறேன்.